சோமசேகரத்தாருக்கு இல்லாத தழும்பு

செவ்வாயும் வெள்ளியும் வெட்டுகிற நாட்கள். ஜெனரேற்றருக்குக் கிடைக்கிற டீசல் அந்த இரண்டு நாளுக்குத்தான் காணும். அவற்றுக்கு முந்தின திங்களும் வியாழனும் சோமசேகரத்தார் பேசுகிற நாட்கள். அவருக்கு டீசல் தேவையில்லை.

தொண்ணூற்றிரண்டில் எங்கள் பகுதி ஆசுப்பத்திரி ஷெல்லுக்குத் தப்பி, நெல்லியடிக்கு அங்காலே ஒரு பள்ளிக்கூடத்துக்கு இடம்பெயர்ந்து வந்திருந்தது. எட்டாம் வகுப்பு ஆண்கள் வாட்டு, ஒன்பதாம் வகுப்பு பெண்கள் வாட்டு. நடுவில் ஒரு பலகைத் தட்டி. அந்தப் பக்கம் ஒருத்தி இருமினால் இந்தப் பக்கம் ஒருவர் சுகம் விசாரிப்பார். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் தண்ணீர்க் குழாயும் நீள மேசையும் இருந்தபடியால் அது தியேட்டர்.

மருந்து அனுப்புகிற வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, வெட்டுவதற்கு முன் நோயாளிகளின் மனத்தைத் தயார்ப்படுத்த ஓர் ஆள் வேண்டும் என்று கடிதம் எழுதியிருந்தது. டொக்டர் சண்முகநாதனுக்கு நோயாளிகளின் வயிற்றைத் தயார்ப்படுத்தவே நேரம் போதாது. ஆகவே நேரமும் பேச்சும் உள்ள ஒருவரைத் தேடினார். இரண்டும் மிதமிஞ்சி உள்ள ஒருவர் தானாகவே வந்து சேர்ந்தார்.

சோமசேகரத்தார் இளைப்பாறிய வட்டாரக் கல்வி அதிகாரி. வயது அறுபத்தாறு. வேட்டி, நாஷனல் சட்டை, தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி, மேல்வரிசை முழுக்கக் கட்டின பல்லு. ஒரு காலத்தில் அவர் சைக்கிளை விட்டு இறங்கினால் மூன்று பாடசாலை அதிபர்கள் எழும்பி நிற்பார்களாம். இப்போது எழும்பி நிற்க நோயாளிகளுக்கு முடியாது. அந்தக் குறையை மட்டும் அவர் பெருந்தன்மையாக மன்னித்திருந்தார்.

மறுநாள் வெட்டப்பட இருக்கிறவர்களைப் பள்ளிக்கூட வாங்குகளில் வரிசையாக இருத்திவிட்டு, கரும்பலகையில் 'அச்சம் என்றால் என்ன?' என்று எழுதுவார். அதிலே இருபது நிமிடம். பிறகு சத்திரசிகிச்சையின் வரலாறு. மயக்கமருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் ஆட்களை எப்படிக் கட்டிவைத்து அறுத்தார்கள் என்பதைக் கைகளால் செய்து காட்டுவார். அதன்பின் 'அரிதாக ஏற்படக்கூடியவை' என்று சிவப்புச் சோக்கால் ஏழு எழுதுவார். ஏழாவது மரணம். கடைசியாக, "ஆகவே, பயப்படுவதற்கு யாதொரு காரணமும் இல்லை என்பது உங்களுக்கு இப்ப விளங்கியிருக்கும்" என்று சோக்குத் தூளைத் தட்டிக்கொள்வார்.

முதல் திங்கட்கிழமையே இரண்டு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருவர் வீங்கின காலோடு பள்ளிக்கூட மதிலேறிப் போனவர்.

"அவை தெளிவான முடிவு எடுத்திருக்கினம்" என்று சோமசேகரத்தார் டொக்டருக்கு விளக்கம் சொன்னார்.

அடுத்த மாதம் டொக்டர் தானாகவே சிவக்கொழுந்தையும் இந்த வேலைக்குக் கூப்பிட்டார். அதுதான் சோமசேகரத்தாரின் வயிறு எரியத் தொடங்கின நாள்.

சிவக்கொழுந்து நெல்லியடிச் சந்தையில் மரக்கறி விற்கிறவ. பித்தப்பையில் கல் என்று இதே தியேட்டரில் வெட்டுப்பட்டவ. தழும்பைக் காட்ட வந்த ஒரு நாள், பக்கத்துக் கட்டிலில் ஒரு பெட்டைப் பிள்ளை அழுதுகொண்டிருக்கக் கண்டு, கட்டில் விளிம்பில் இருந்து கொஞ்ச நேரம் கதைத்திருக்கிறா. பெட்டை அடுத்த நாள் தானே நடந்து தியேட்டருக்குப் போனாள். டொக்டர், "அக்கா, திங்கள் வியாழனிலை சந்தை முடிய ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன்" என்றார். அதற்குப் பிறகு எல்லாருக்கும் அவ கொழுந்தக்கா.

அவவிடம் கரும்பலகை இல்லை. ஒவ்வொரு கட்டிலாகப் போய் இருப்பா. தாலிக்கொடியைக் கழற்றவே மாட்டேன் என்று நின்ற பூரணத்துக்கு, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டுவிட்டு, கொடியைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு, "நீ வெளியிலை வருமட்டும் இந்தக் கையை நான் திறக்க மாட்டன், மூக்குக் கடிச்சாலும் சொறிய மாட்டன்" என்று தியேட்டர் வாசலில் இரண்டு மணித்தியாலம் நின்றா. இன்னொருத்திக்கு வீட்டில் கன்று ஈனுகிற பசு. போகிற வழியில் தான் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லி, மெய்யாகவே போய்ப் பார்த்தா. எல்லாருக்கும் பொதுவாகச் செய்தது ஒன்றுதான். சட்டையின் கீழ்விளிம்பை நாலு விரல் உயர்த்தித் தழும்பைக் காட்டினா. பதினொரு தையல்.

"உவ்வளவுந்தான். தொட்டுப் பார். நோகாது, எனக்கு."

தொட்டவர்கள் நித்திரை கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, டொக்டர் கை கழுவிக்கொண்டு, தியேட்டரில் நிற்கிற ஆண் நேர்ஸ் கனிசியஸிடம் சொன்னது சோமசேகரத்தார் காதில் விழுந்தது. "கவனிச்சனீரோ, கொழுந்தக்கா கதைச்ச ஆக்களுக்குப் பிறசர் ஏறுறேல்லை."

அன்று மத்தியானம் சோமசேகரத்தார் சோறு தின்னவில்லை. மற்ற ஆட்களுக்கு ஏறாத பிறசர் முழுவதும் அவருக்கு ஏறியிருந்தது. அதன்பின் அவர் சிவக்கொழுந்தின் பெயரைச் சொல்வதை விட்டார். 'அந்த மரக்கறிக்காரி' என்றார். தட்டியில் ஆணி போன ஓட்டை ஒன்று இருந்தது. 'பெண்கள் பகுதியில் காற்றோட்டம் போதுமா' என்று பரிசோதிக்கிற சாட்டில் அதன் பக்கத்தில் காதை வைத்து நின்றார். அச்சத்துக்கு வரைவிலக்கணம் ஏதும் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. வெண்டிக்காய் என்ன விலை போகிறது என்ற கதைதான் வந்தது. வெண்டிக்காய்க்கு ஏன் ஆட்கள் ஆறுதலடைகிறார்கள் என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

பிடிபட்டது ஒன்று. அவவிடம் தழும்பு இருக்கிறது, தன்னிடம் இல்லை.

"தழும்பைக் காட்டி ஆளை மயக்கிறது உளவளத்துணையோ?" என்று வீட்டில் மனைவி ஞானாம்பிகையிடம் கேட்டார். "உது சந்தையிலை வத்தகப்பழத்தை வெட்டிக் காட்டுற வியாபாரம்."

"வெட்டிக் காட்டினால்தானே சனம் வாங்கும்" என்றா ஞானாம்பிகை.

அந்த நேரம் அவ செய்துகொண்டிருந்த வேலையையும் சொல்லவேண்டும். சோமசேகரத்தாருக்கு ஏழு வருடமாகக் குடலிறக்கம். ஹேர்னியா என்பார்கள். இடது தொடைச் சந்தியில் ஒரு தேசிக்காய் அளவில் தள்ளும். படுத்தால் உள்ளே போகும். டொக்டர்மார் மூன்று பேர் வெட்டச் சொல்லியும் அவர் 'யோசிச்சுச் சொல்லுறன்' என்று வந்துவிட்டார். ஒவ்வொரு காலையும் ஞானாம்பிகை நாலாக மடித்த துணியை அந்த இடத்தில் வைத்து, தோல் பட்டியால் இறுக்கிக் கட்டிவிடுவா. அதன்மேல் வேட்டி, நாஷனல். பிறகு அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு, வெட்டுக்குப் பயப்படக்கூடாது என்று சனத்துக்குச் சொல்லப் போவார்.

"தழும்புதான் வேணுமெண்டால் டொக்டரிட்டைச் சொல்லுங்கோவன். சாமான் உங்களிட்டை ஆயத்தமாய்த்தானே கிடக்கு."

"எனக்குப் பயமெண்டு நினைக்கிறீரோ?"

"நான் ஒண்டும் நினைக்கேல்லை. மூச்சை அடக்குங்கோ, பட்டியைக் கொளுவப் போறன்."

ஆண்கள் வாட்டு மட்டும்தான் அவருக்கு மிஞ்சியிருந்தது. கொழுந்தக்கா அங்கேயும் வருவா, கதைப்பா. ஆனால் ஆண்களுக்குச் சட்டையை உயர்த்திக் காட்டமாட்டா. அந்த நாலு விரல் இடைவெளியில்தான் சோமசேகரத்தாரின் மதிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு நாள் சோதனை வந்தது. மூல வருத்தத்துக்கு வெட்ட வந்திருந்த தென்மராட்சிக் கமக்காரர் சீவரத்தினம், 'அரிதாக ஏற்படக்கூடியவை' முடிந்ததும் கையை உயர்த்தினார்.

"ஐயா, ஒண்டு கேக்கலாமோ?"

"கேளும். கேட்டால்தான் அறிவு வளரும்."

"பொம்பிளைப் பக்கத்திலை கொழுந்தக்கா தான் வெட்டுப்பட்டதைக் காட்டுறாவாம். உங்களை ஆரும் வெட்டினவையோ?"

தட்டிக்கு அங்கால் பேச்சு நின்றது. சோமசேகரத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அந்த நேரத்துக்குள் அவர் மூளை ஆயுளில் என்றுமில்லாத வேகத்தில் ஓடியது. குடல்வால் என்று சொன்னால் வயிறு. சட்டையை உயர்த்து என்பார்கள். வயிற்றில் எந்த இடமும் ஆபத்து. ஆனால் வேறோர் இடம் இருக்கிறது. ஒரு கல்வி அதிகாரியிடம் அந்த இடத்தைக் காட்டச் சொல்லி இந்தக் குடாநாட்டில் எவரும் கேட்கமாட்டார்கள்.

"ஐம்பத்தெட்டிலை" என்றார். "கொழும்பிலை. ஹேர்னியா."

"மெய்யே!"

"சொல்லித் திரியிற பழக்கம் எனக்கில்லை. கேட்டபடியால் சொல்லுறன்."

சீவரத்தினம் அடுத்த நாள் சத்தமில்லாமல் ட்றொலியில் ஏறிப் படுத்தார். அவருக்குப் பின் இன்னும் இரண்டு பேர். சோமசேகரத்தாருக்கு நடையே மாறிவிட்டது. அடுத்த திங்கள், வெட்டினவர் ஒரு வெள்ளைக்காரர் ஆனார். வியாழன், மயக்கமருந்து பாதியில் முடிந்துபோனது. அதற்கடுத்த திங்கள், அவர் தேவாரம் பாடிக்கொண்டு கிடந்தார், வெள்ளைக்காரர் கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார்.

தட்டிக்கு அங்காலிருந்து ஒரு குரல் கேட்டது. "கொழுந்தக்கா, உங்களை வெட்டேக்கை நீங்கள் என்ன பாடினனீங்கள்?"

"நான் குறட்டை விட்டனான், பிள்ளை."

பெண்கள் சிரித்தார்கள். சோமசேகரத்தார் சோக்கை இரண்டாக முறித்தார்.

இதற்கிடையில்தான் அந்த அறை விஷயம் வந்தது. பள்ளிக்கூட அதிபரின் சின்ன அறை ஒன்று சும்மா பூட்டிக் கிடந்தது. கதவு உண்டு, பூட்டுத் திறப்பு உண்டு, மேசை உண்டு. வருகிற வியாழக்கிழமை அந்த வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் டொக்டர் வருகிறா என்றும், இரண்டு பேரில் யாருடைய முறை நல்லது என்று அவ சொல்கிறாவோ அவருக்கு அந்த அறையைக் கொடுக்க யோசனை என்றும் டொக்டர் சண்முகநாதன் சொன்னார். கொழுந்தக்கா, "எனக்கு அறை என்னத்துக்கு, கட்டில் விளிம்பு காணும்" என்றா. அந்தப் பதில் சோமசேகரத்தாருக்கு மிகப்பெரிய அகம்பாவமாகப் பட்டது.

அவர் உடனே போய், சைக்கிள் இலக்கத்தகடு எழுதுகிறவரைக் கொண்டு ஒரு பெயர்ப்பலகை எழுதுவித்தார். 'திரு. வே. சோமசேகரம், சத்திரசிகிச்சைக்கு முன்னரான உளவளத்துணைப் பொறுப்பதிகாரி.' பலகையில் இடம் போதவில்லை. 'அதிகாரி' என்பது மட்டும் எறும்பு அளவில் வந்தது. அவருக்கு அதுதான் மனக்குறை.

புதன்கிழமை தம்பிராசா வந்து சேர்ந்தார். பருத்தித்துறைக் கடற்றொழிலாளி. ஆள் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். இரண்டு தரம் புயலுக்குள் படகு கவிழ்ந்து நீந்திக் கரை சேர்ந்தவர். வருத்தம் ஹேர்னியா. வெள்ளிக்கிழமை வெட்டு.

"என்னாலை ஏலாது" என்றார் தம்பிராசா, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. "கடலெண்டால் நான் கையைக் காலை அடிக்கலாம். இதென்ன, மேசையிலை கிடத்திப்போட்டு, நானில்லாத நேரம் பாத்து என்னை வெட்டுறது."

கொழுந்தக்கா கதைத்துப் பார்த்தா. "நீங்கள் வேறை இடம், அக்கா. உங்கடை மேல்மாடி. என்ரை கீழ்மாடி" என்றார். பிறகு பக்கத்துக் கட்டில்காரர் சொல்ல, ஆளின் முகம் தெளிந்தது. இதே வருத்தத்துக்கு வெட்டுப்பட்ட ஒருவர் இங்கேயே இருக்கிறாராம்.

வியாழன் காலை சோமசேகரத்தார் புது நாஷனல் போட்டு, பெயர்ப்பலகையைப் பேப்பரில் சுற்றி சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். வாசலிலேயே தம்பிராசா அவரைப் பிடித்துவிட்டார்.

"ஐயா, ஒருக்கா கிணத்தடிப் பக்கம் வாங்கோ."

"ஏன்?"

"தழும்பை ஒருக்காக் காட்டுங்கோ. பாத்தால் நான் நாளைக்கு ஏறிப் படுத்திடுவன்."

"என்ன கதை கதைக்கிறீர்? உது காட்டுற இடமோ?"

"ஆம்பிளைக்கு ஆம்பிளை என்ன, ஐயா. நான் வேணுமெண்டால் முதல் என்ரையைக் காட்டுறன்."

"பேந்து பாப்பம், பேந்து பாப்பம்" என்று சோமசேகரத்தார் கரும்பலகைப் பக்கம் விரைந்தார். மற்ற நாட்களில் அரை மணித்தியாலம் துடைக்கிற கரும்பலகையை அன்று ஒரு மணித்தியாலம் துடைத்தார்.

பத்து மணிக்கு வெள்ளைக்கார டொக்டர் வந்தா. உயரமான, மெலிந்த பெண். வெயிலில் மூக்குச் சிவந்திருந்தது. டொக்டர் சண்முகநாதன் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். கொழுந்தக்கா தட்டி ஓரத்தில் சந்தைக் கூடையோடு நின்றா. சோமசேகரத்தார் 'அச்சம் என்றால் என்ன?' என்று எழுதித் திரும்புவதற்குள் தம்பிராசா எழும்பிவிட்டார்.

"டொக்டர், நான் ஒண்டு சொல்லுறன், அவவுக்கும் சொல்லுங்கோ. எனக்கு உந்த எழுத்து வேண்டாம். ஐயாவுக்கு ஐம்பத்தெட்டிலை என்ரை வருத்தந்தான் வெட்டினது. அதைக் காட்டினால் நான் நாளைக்கு வாறன். காட்டாட்டில் இப்ப பஸ்ஸுக்குப் போறன்."

டொக்டர் சண்முகநாதன் சோமசேகரத்தாரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார். வெள்ளைக்கார டொக்டரின் முகம் மலர்ந்தது. நீளமாக ஏதோ சொன்னா.

"அவ சொல்லுறா, இது அருமையான முறையாம். தான் பட்டதைத் தானே காட்டுறது. ஒரு மறைப்புக் கட்டினால் ஐயாவுக்கு ஆட்சேபனை இருக்காதுதானே எண்டு கேக்கிறா."

வாட்டு முழுவதும் அவரையே பார்த்தது. கனிசியஸ் ஏற்கெனவே ஒரு படுக்கை விரிப்பை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

அறை போகப்போகிறது. அறை மட்டுமல்ல, வெள்ளைக்காரரும் தேவாரமும் போகப்போகிறார்கள். அதைவிட மோசம், அந்த மரக்கறிக்காரி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கப்போகிறா. சோமசேகரத்தார் தொண்டையைச் செருமினார்.

"தழும்பு ஒரு பொருட்டல்ல" என்றார். "வெட்டுப்பட்ட ஆளின்ரை உடம்பு எப்பிடி இருக்கவேணும் எண்டதுதான் பொருட்டு. அதை நான் செயலிலை காட்டுறன். எல்லாரும் பாருங்கோ."

பக்கத்தில் கிடந்தது பாலை மரத்தில் செய்த, ஆறு பிள்ளைகள் இருக்கிற வாங்கு. இரண்டு பேர் தூக்குகிறது. சோமசேகரத்தார் குனிந்து, நடுவில் பிடித்து, தனியாகத் தூக்கினார். முழங்கால் அளவுக்கு அது மெய்யாகவே உயர்ந்தது. சிலர் கை தட்டத் தொடங்கினார்கள். அப்போது வேட்டிக்குள் ஏதோ ஒன்று 'டக்' என்று அறுந்த சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது. வாங்கு விழுந்தது. அதன்மேல் சோமசேகரத்தார் விழுந்தார்.

மறைப்பைத் திட்டமிட்டபடியே கட்டினார்கள். உள்ளே டொக்டர் போனார். படுக்கை விரிப்பு பார்வையை மறைக்கும், சத்தத்தை மறைக்காது.

"ஐயா, இந்தப் பட்டி என்ன?"

முனகல்.

"இடதிலை தழும்பு ஒண்டும் இல்லையே, வலதிலையோ வெட்டினது?"

முனகல்.

"வலதிலையும் ஒண்டும் இல்லை." பட்டி நிலத்தில் விழுகிற சத்தம். "ஐயா, உங்களை ஒருத்தரும் ஒருநாளும் வெட்டேல்லை. இறங்கின குடல் இப்ப உள்ளுக்குப் போகுதில்லை, நெரிஞ்சு நிக்குது. நாளை வரைக்கும் வைச்சிருக்கேலாது. கனிசியஸ், ஜெனரேற்றரைப் போடச் சொல்லும்."

தம்பிராசாதான் முதலில் வாய் திறந்தார்.

"அப்ப ஐயாவுக்கும் எனக்கும் ஒரே சாமான்" என்றார். கேலியில்லை. ஒரு கூட்டாளி கிடைத்த நிம்மதிதான் குரலில் இருந்தது. சோமசேகரத்தாருக்குக் கேலியே தேவலை போலிருந்தது.

வெள்ளைக்கார டொக்டர் எதையோ ஆவலாகக் கேட்டா. டொக்டர் சண்முகநாதன் மறைப்புக்கு வெளியே தலையை நீட்டிப் பதில் சொல்லிவிட்டு, திரும்பி உள்ளே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "அவ நினைச்சிட்டா, நோயாளியளுக்காக ஐயா இதையும் செய்து காட்டப் போறார் எண்டு. நான் ஓம் எண்டு சொல்லியிருக்கிறன்."

அதன்பின் தயார்ப்படுத்தல் தொடங்கியது. இரண்டு மாதமாக அவர் விரிவுரையில் 'முன்னாயத்தம்' என்று ஒரே சொல்லில் கடந்து போனது, இப்போது ஒவ்வொன்றாக வந்தது. கண்ணாடியைக் கழற்றினார்கள். கட்டின பல்லைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டார்கள். அரைநாண் கயிற்றை வெட்டினார்கள். கனிசியஸ் பழைய பிளேட் ஒன்றால், சவர்க்காரம் தட்டுப்பாடான காலத்துக்கேற்ற சிக்கனத்தோடு, வழிக்கவேண்டியதை வழித்தார். கையெழுத்துப் போடக் கொடுத்த கடதாசியில் சோமசேகரத்தார் பதவியையும் சேர்த்து எழுதப் போய், பாதியில் விட்டார்.

"எனக்குப் பயமில்லை" என்றார். பல்லில்லாதபடியால் அது வேறு விதமாக வந்தது. "யாழ்ப்பாணத்துக்கு அனுப்புங்கோ. அங்கை பெரிய டொக்டர்மார் இருக்கினம்."

"வாகனத்துக்கு எண்ணெய் இல்லை, ஐயா. நாடி நூற்றிமுப்பது அடிக்குது. கொஞ்சம் குறைஞ்சால்தான் மயக்கம் குடுக்க நல்லது" என்ற கனிசியஸ், அவருடைய காதுக்குக் கிட்டக் குனிந்து கேட்டார். "கொழுந்தக்காவைக் கூப்பிடட்டோ?"

"வேண்டாம்."

கொழுந்தக்கா ஏற்கெனவே மறைப்புக்குள் வந்திருந்தா. கூடையைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் இருந்தா. சோமசேகரத்தார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஏழு அரிதாக ஏற்படக்கூடியவையும் சிவப்புச் சோக்கில் அந்த இருட்டுக்குள் வரிசையாக நின்றன. நெஞ்சு நாஷனல் இல்லாமல் ஏறி இறங்கியது.

"ஞானாம்பிகை அக்காவுக்கு ஆள் விட்டிருக்கு" என்றா கொழுந்தக்கா. "வந்திடுவா."

சோமசேகரத்தார் கண்ணை இன்னும் இறுக்கினார்.

"தியேட்டர் மேசை குளிரும், ஐயா. உங்களுக்குத் தெரிஞ்ச மேசைதான், பள்ளிக்கூட மேசை. மூக்கிலை வைக்க ஒரு கறுப்பு மூடி கொண்டு வருவினம். சைக்கிள் ரியூப் மணம் மணக்கும். பேந்து மயங்குமட்டும் ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணச் சொல்லுவினம்."

நெஞ்சு அதே வேகம்.

கொழுந்தக்கா அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவரிடம் வேறொருவர் கேட்ட விலையை மெல்லச் சொல்கிற மாதிரிச் சொன்னா:

"நான் ஏழு வரைக்கும் எண்ணினனான். இந்தத் தியேட்டரிலை அதுக்கு மேலை ஒருத்தரும் எண்ணேல்லையாம்."

சோமசேகரத்தார் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஏழோ?"

"ஏழு."

"வடிவாய் எண்ணினதோ, இல்லாட்டில் அவசர அவசரமாயோ?"

"ஆறுதலாய். எட்டும் வாயிலை வந்தது. சொல்லேலாமல் போச்சு."

சோமசேகரத்தார் மற்றக் கண்ணையும் திறந்தார். கூரையைப் பார்த்தார். மூக்கால் நீளமாக ஒரு மூச்சு இழுத்து, நிறுத்தி, விட்டார். இன்னொன்று. கனிசியஸ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நூற்றுப்பத்து. பிறகு தொண்ணூற்றாறு.

ட்றொலி ஆண்கள் வாட்டைக் கடந்து போனபோது, தம்பிராசாவும் மற்றவர்களும் கண்டது ஒரு பயந்த மனிதரை அல்ல. பந்தயத்துக்குப் போகிற ஒருவரை. பல்லில்லாத வாய் ஒன்று, இரண்டு என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனது.

வெள்ளிக்கிழமை காலையில்தான் அவருக்கு முழுசாக நினைவு திரும்பியது. பக்கத்தில் ஞானாம்பிகை விசிறிக்கொண்டிருந்தா. ஒருவரையும் சுகம் விசாரிக்கவில்லை. கனிசியஸைத்தான் தேடினார்.

"தம்பி, எத்தினை?"

"தையலோ, ஐயா? ஏழு."

"தையலில்லை. எண்ணினது."

"ஓ, அதோ. அஞ்சு."

சோமசேகரத்தாரின் முகம் விழுந்தது. அவ ஏழு எண்ணியிருக்கிறா. தையலிலும் பதினொன்று. எதை எடுத்தாலும் அந்த மரக்கறிக்காரி முன்னுக்கு.

"கொழுந்தக்கா ஏழெல்லே" என்று முணுமுணுத்தார்.

"ஆர்? கொழுந்தக்காவோ?" கனிசியஸ் பஞ்சை மடித்தபடி சிரித்தார். "நான்தானே மூடி பிடிச்சனான். அவ மூண்டோடை சரி. நாலு வரேல்லை."

விசிறி நின்றது. ஞானாம்பிகை புருஷனைப் பார்த்தா. சோமசேகரத்தார் தட்டியைப் பார்த்தார். தட்டிக்கு அங்கால் கொழுந்தக்காவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, யாருக்கோ பயிற்றங்காய் விலை சொல்லிக்கொண்டு. இதைச் சத்தமாக ஒருதரம் சொன்னால் போதும், ஒன்பதாம் வகுப்பு முழுவதும் கேட்கும். அவர் வாயைத் திறந்தார்.

"சொல்லப் போறியளோ?" என்றா ஞானாம்பிகை. "பொய் சொன்னவ எண்டு, நீங்களோ சொல்லப் போறியள்?"

அவர் வாயை மூடினார். வெளியே அதிபரின் அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவசரமாகச் சுகம் வந்தவர் போல எட்டிப் பார்த்தார். இரண்டு பேர் டீசல் பீப்பாக்களை உள்ளே உருட்டிக்கொண்டிருந்தார்கள். நேற்றைய திடீர் வெட்டோடு கையிருப்பு வற்றிவிட்டதாம். வெள்ளைக்கார டொக்டர் இரங்கி, தங்கள் கிட்டங்கியிலிருந்து கொஞ்சம் அனுப்பியிருக்கிறா. வைக்க வேறு பூட்டுள்ள இடம் இல்லை. மூடியில்லாத ஒரு பீப்பாவை, சைக்கிள் கரியரிலிருந்து எடுத்த ஒரு பலகையால் மூடியிருந்தார்கள். எழுத்துப் பக்கம் கீழே.

அடுத்த கட்டிலில் தம்பிராசா வழித்து முடிந்து, அரைநாண் இல்லாமல், நடுங்கிக்கொண்டு கிடந்தார்.

"ஐயா" என்றார் மெல்ல. "இப்பவெண்டாலும் காட்டுங்கோவன்."

சோமசேகரத்தார் ஞானாம்பிகையைப் பார்த்தார். அவ மறுபக்கம் திரும்பினா. அவர் போர்வையை ஒரு சாணளவு விலக்கினார். வெள்ளைத் துணி, கொஞ்சம் மஞ்சள் மருந்து, கரையில் எட்டிப் பார்க்கிற ஒரு கறுப்பு நூல். தம்பிராசா தலையை உயர்த்தி, நெடுநேரம் பார்த்தார்.

"உவ்வளவுந்தானோ?"

"உவ்வளவுந்தான்" என்றார் சோமசேகரத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அது அவருடைய பிறவியில் இல்லை. "மேசை குளிரும். ரியூப் மணம் மணக்கும். பேந்து எண்ணச் சொல்லுவினம். நான் எட்டு எண்ணினனான். இந்தத் தியேட்டரிலை அதுக்கு மேலை ஒருத்தரும் எண்ணேல்லை."

தம்பிராசா அதை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். நடுக்கம் நின்றது. ட்றொலி வந்ததும் தானே ஏறிப் படுத்தார்.

மத்தியானம் ஆளைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். கண் திறக்க முன்பே, கடலைக் கூப்பிடுகிற அந்தப் பெரிய குரலால் கேட்டார்:

"எத்தினை?"

"பதினொண்டு, அண்ணை" என்றார் கனிசியஸ்.

எட்டாம் வகுப்பு கை தட்டியது. தட்டிக்கு அங்காலும் கை தட்டினார்கள், அதில் கொழுந்தக்காவின் கை தனியாகக் கேட்டது.

"அவர் கடலிலை மூச்சு அடக்கிப் பழகின ஆள்" என்றார் சோமசேகரத்தார், ஒருவரும் கேட்காமலே. "அதை இதோடை ஒப்பிடக் கூடாது."

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தையல் இழுத்தது.